எந்த ஊர் வெள்ளி

என் அப்பாவுக்குப் பெரியம்மா கடன் கொடுத்த நாளில் எங்கள் வீட்டில் ஆட்டிறைச்சி சமைத்தார்கள். தீபாவளிக்கு மட்டுமே வாங்குகிற இறைச்சி அது. அம்மா விடிந்ததும் எங்கள் சிம்பாங் ரெங்கம் பாசார்ச் சந்தைக்குப் போய், கொழுப்பில்லாத துண்டுகளாகப் பார்த்து வாங்கி வந்தாள். பெரியம்மா ஜொகூர் பாருவை ஒட்டிய தம்போயிலிருந்து தன் வேனைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தாள். சாப்பிட்டாள், கை கழுவினாள், கைப்பையிலிருந்து காசோலையை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள்.

"வட்டி கிட்டி எல்லாம் வேணாம் தம்பி. தங்கச்சி புருஷன்கிட்ட வட்டி வாங்குனேன்னா ஊரு காறித் துப்பும்."

அம்மா அழுதேவிட்டாள். அப்பா காசோலையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அதுவரை அடுத்தவர் லோரியில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டிருந்தவர். சொந்தமாக ஒரு பழைய லோரி வாங்க எத்தனையோ வங்கிப் படி ஏறி இறங்கியிருந்தார். யாரும் கொடுக்கவில்லை. பெரியம்மா கொடுத்தாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் ஒரே அக்கா. பெரியப்பா இறந்தபோது அவளுக்கென்று மிஞ்சியது சில அண்டாக்களும் அந்த வேனும்தான். அவருடைய தம்பிமார் வேனையும் ஓட்டிக்கொண்டு போக வந்தார்களாம். அவள் சக்கரத்தின் முன்னால் படுத்துக்கொண்டாளாம். "ஏத்திட்டுப் போங்கடா" என்றாளாம். அப்படிக் காப்பாற்றிய வேனை வைத்துத்தான் தம்போயில் கேட்டரிங் தொழில் தொடங்கினாள். கல்யாணம், கோயில் திருவிழா, தொழிற்சாலை விருந்து என்று வருடம் முழுக்க வேலை. யாரிடமும் இரக்கம் கேட்டு வாழ்ந்தவள் இல்லை. அதனால் யாருக்கும் அதை இலவசமாகக் கொடுக்கவும் மாட்டாள்.

லோரி ஓடியது ஒரு வருடம் சொச்சம். ஒரு நாள் குலை ஏற்றும்போது செம்பனை மட்டையின் முள் அப்பாவின் குதிகாலில் ஏறிவிட்டது. இனிப்புநீர் இருந்த உடம்பு, இரத்தத்தில் சர்க்கரை எப்போதும் ஏறியே இருக்கும். பெரியம்மாவுக்குத் தவணை கட்ட வேண்டுமே என்று, காலில் துணியைச் சுற்றிக்கொண்டு ஓட்டினார். நாங்கள் மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனபோது துணியைப் பிரிக்கவே முடியவில்லை. பாதத்தை எடுத்துவிட்டார்கள். லோரி வீட்டுக்கு எதிரே மழையில் நின்றது. கடைசியில் இரும்புக்காரன் கேட்ட விலைக்குப் போனது. கடனில் பெரும்பகுதி அப்படியே நின்றது.

அப்போதுதான் நான் எலெக்ட்ரானிக்ஸில் டிப்ளோமா முடித்திருந்தேன். தம்போயில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. பெரியம்மாவே ஏற்பாட்டைச் சொன்னாள். அவள் வீட்டுப் பின்னறையில் நான் தங்கிக்கொள்ளலாம். மாதம் ஐந்நூறு வெள்ளி கடனுக்குக் கட்ட வேண்டும். வேலை விட்டு வந்ததும், சனி ஞாயிறுகளிலும் சமையலில் ஒத்தாசை செய்ய வேண்டும்.

"வாடகை வேணாம். சாப்பாட்டுக்கும் காசு வேணாம். வேற யாருடி உனக்கு இப்படிச் செய்வா?" என்றாள்.

யாரும் செய்யமாட்டார்கள்தான். பெரியம்மா பேசிய எதிலும் பொய் இருக்காது. எதிர்த்துப் பேச எங்களுக்கு ஒரு சொல் கிடைக்காமல் போனதும் அதனால்தான்.

வீட்டுக்கு வரும் ஆட்களிடம் என்னைக் காட்டி, "இவ என் தங்கச்சி மக. கடனுக்கு இருக்கா" என்று சொல்லிச் சிரிப்பாள். வந்தவர்களும் சிரிப்பார்கள். நானும் சிரிக்க வேண்டும். சிரிக்காவிட்டால், "மூஞ்சியைப் பாரு, நான் என்னமோ இல்லாததச் சொன்ன மாதிரி" என்பாள். தீபாவளிக்கு, தனிக்குடித்தனம் போய்விட்ட தன் மகன்களின் மனைவிமாருக்கு ஒரு கடையில் சேலை எடுத்தாள். சமையல் ஆட்களுக்கு வேறொரு கடையில் மொத்தமாக எடுத்தாள். எனக்குக் கொடுத்தது அந்த மொத்தத்தில் ஒன்று. நிறத்தை மட்டும் என்னையே தேர்ந்தெடுக்கச் சொன்னாள்.

குளுவாங்கில் ஒரு கல்யாணத்துக்குச் சாப்பாடு ஏற்றிக்கொண்டு போன நாளை மறக்க முடியாது. வேனில் முன்னிருக்கை காலியாக இருந்தது. பின்னால் அண்டாக்களோடு என்னை உட்காரச் சொன்னாள், சாயாமல் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று. நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வளைவில் சாம்பார் அண்டாவின் மூடி நகர்ந்தது. கொதிக்கக் கொதிக்க என் தொடையில் கொட்டியது. நான் கத்தினேன். அவள் வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பின்கதவைத் திறந்தாள்.

"எவ்வளவு போச்சு?"

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பரவால்ல, தண்ணி ஊத்தி ஒரு கொதி விட்டாச் சமாளிச்சிரலாம்" என்று சொன்ன பிறகுதான் என் காலைப் பார்த்தாள். பானங்களுக்கு வைத்திருந்த ஐஸில் ஒரு பையை எடுத்துக் கொடுத்தாள். அன்று நான் அந்தத் தொடையோடுதான் பந்தியில் சாதம் பரிமாறினேன். தோல் உரிந்து பாவாடையில் ஒட்டிக்கொண்டது. திரும்பி வரும்போது முன்னிருக்கையில் உட்காரச் சொன்னாள். அண்டாக்கள் காலியாக இருந்தன.

சிங்கப்பூர்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம் போக வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வந்தது அதற்குப் பிறகுதான். என்னோடு வேலை செய்த ஒருத்தி சிங்கப்பூர் போய்விட்டிருந்தாள். அவள் சொல்லி, அங்கே ஒரு தொழிற்சாலையில் நேர்முகத்துக்குப் போனேன். உதிரிப் பாகங்களின் தரம் பார்க்கும் வேலை. எடுத்துக்கொண்டார்கள். இங்கே வாங்குவதைப்போல மூன்று மடங்குக்கு மேல் சம்பளம். அங்கேயே தங்கினால் கூடுதல் ஷிப்டும் கிடைக்கும் என்றார்கள். அதற்கு அறை வாடகை, அதற்கான முன்பணம், முதல் சம்பளம் வரும்வரை சாப்பாட்டுச் செலவு எல்லாம் கையில் இருக்க வேண்டும்.

எனக்கு ஒரு வழி இருந்தது. சிம்பாங் ரெங்கத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா கூட்டு நடத்திவந்தார். ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று போட்டு, மொத்தத்தையும் மாதம் ஒருவர் எடுத்துக்கொள்வது. ஐந்நூறு கட்டியது போக மிஞ்சியதில், மதியச் சாப்பாட்டை விட்டு, தொழிற்சாலைக்கு நடந்தே போய், அந்தக் கூட்டில் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு மட்டும் சொல்லியிருந்தேன். என் முறை வந்தபோது நான் வேலையில் இருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா பணத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை விடுப்புப் போட்டு வீட்டுக்குப் போனேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"கூட்டுக் காசு குடுத்தாங்களாம்மா?"

"குடுத்தாங்க."

"எங்க?"

அம்மா மடித்த துணியை மறுபடி பிரித்தாள். "அக்காகிட்ட குடுத்துட்டேன். நேத்துக் காலையில பஸ் ஏறிப் போயிக் குடுத்துட்டு வந்தேன்."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அம்மா விளையாடுகிறவள் இல்லை.

"அது நான் போறதுக்கு வச்ச காசும்மா. உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும். தெரிஞ்சுதான் குடுத்தேன். நீ சிங்கப்பூர் போறதுக்குக் காசு இருக்கு, அவளுக்குத் திருப்பிக் குடுக்க இல்லேன்னா நான் எப்படி அவ மொகத்துல முழிப்பேன்?"

"மாசா மாசம் குடுத்துக்கிட்டுத்தானே இருக்கேன்?"

"அது தவணை. இது கையில இருக்கிற காசு. கடன்காரங்க கையில காசு வச்சிருந்தா அதுக்குப் பேரு வேற."

அப்பா முன்னறையில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் அவருக்குக் கேட்டது. சத்தத்தைக் கூட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை தம்போய் திரும்பினேன். பெரியம்மா வாசலிலேயே நின்றாள். "உங்கம்மாகிட்ட நாணயம் இருக்குடி. உங்கிட்டத்தான் இல்ல" என்றாள். பிறகு உளுந்து ஊற வைத்துவிட்டுப் படுக்கச் சொன்னாள்.

சிங்கப்பூர் வேலையை நான் விடவில்லை. அறை எடுக்க வழியில்லாததால் தினமும் போய்வருவதென்று முடிவு செய்தேன். கம்பெனி பஸ் ஜொகூர் பாருவிலிருந்து இருட்டோடு கிளம்பும். எல்லையில் குடிநுழைவு வரிசையில் நின்றபடியே தூங்கக் கற்றுக்கொண்டேன். திரும்பி வர இருட்டிவிடும். வந்ததும் காய் நறுக்க வேண்டும். முதல் சம்பளத்திலிருந்தே தவணை போக மிச்சத்தைச் சேர்த்தால் சில மாதங்களில் அங்கே ஓர் அறை பிடித்துவிடலாம் என்பது என் கணக்கு.

முதல் சம்பளம் வந்தது. வழக்கம்போல ஐந்நூறு வெள்ளியைக் கொண்டுபோய்ப் பெரியம்மாவிடம் கொடுத்தேன். அவள் நோட்டுகளைப் பார்த்தாள். வாங்கவில்லை.

"இது எந்த ஊரு வெள்ளி?"

"நம்ம ஊரு வெள்ளிதான் பெரியம்மா."

"நீ சம்பளம் வாங்குறது எந்த ஊரு வெள்ளி?"

இரண்டு ஊர்க் காசுக்கும் எங்கள் பேச்சில் வெள்ளி என்றுதான் பேர்; சிங்கப்பூர் வெள்ளி ஒன்று நம் ஊர் வெள்ளி மூன்றுக்கு மேல்.

"மாசம் ஐந்நூறு வெள்ளின்னுதானே பேசினோம்? எந்த ஊரு வெள்ளின்னு பேசினோமா? சிங்கப்பூர் வெள்ளி வாங்குறவ சிங்கப்பூர் வெள்ளி குடு."

"அப்படின்னா கடன்ல மூணு மடங்கு கழிச்சுக்குவீங்களா?"

"எதுக்குக் கழிக்கணும்? ஐந்நூறு குடுத்தா ஐந்நூறு கழியும். இத்தன வருஷம் வட்டி வாங்கினேனா நானு? பேங்க்ல வச்சிருந்தா எனக்கு எவ்வளவு வந்திருக்கும், படிச்சவதானே, நீயே சொல்லேன்."

"முடியாது பெரியம்மா" என்றேன். அந்த வீட்டில் நான் முதல்முறையாகச் சொன்ன 'முடியாது' அதுதான். அவள் கோபப்படவில்லை. "சரி" என்றாள்.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது, என் பெட்டி பின்வாசலில் சமையல் கேஸ் தோம்புகளுக்குப் பக்கத்தில் இருந்தது. துணிகளை ஒழுங்காக மடித்து வைத்திருந்தாள். அதுதான் என்னை அதிகம் சுட்டது. நிதானமாக உட்கார்ந்து, ஒவ்வொன்றாக மடித்திருக்கிறாள். மழை தூறியது. பெட்டியை இழுத்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை நடந்தேன். கம்பெனி பஸ்ஸில் என்னோடு வருகிற இரண்டு பெண்கள் தம்போயிலேயே ஒரு கார் வொர்க்‌ஷாப்புக்கு மேல் அறை எடுத்திருந்தார்கள். அவர்களோடு ஒண்டிக்கொண்டேன். கிரீஸ் வாடையும் இரும்பு தட்டும் சத்தமும் நாள் முழுக்க ஏறி வரும். அங்கே நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த மாதம் ஐந்நூறு வெள்ளியை, நம் ஊர் வெள்ளியை, பெரியம்மாவின் வங்கிக் கணக்கில் போட்டேன். இரண்டாம் நாளே என் கணக்குக்குத் திரும்பி வந்தது. அம்மா போனில் கூப்பிட்டாள்.

"மொகத்தைக் காட்டாமக் குடுக்கிற காசு அவளுக்கு வேணாமாம். கடன் வாங்கினப்ப மட்டும் மொகம் இருந்துச்சான்னு கேக்கிறா."

"நான் அங்க போகமாட்டேன்."

போனை அப்பா வாங்கினார். "எங்கிட்ட அனுப்பு. நான் கட்டிடறேன். அவ பெரிய மகன் எங்கிட்ட நல்லாப் பேசுவான், அவன் கணக்குல போட்டா எடுத்துக்குவான்" என்றார். எந்த ஊர் வெள்ளி என்று நான் கேட்டேன். "நம்ம வெள்ளிதான். நான் பேசிட்டேன்" என்றார். எப்படிப் பேசினார் என்று கேட்டிருக்க வேண்டும். தலையிலிருந்து ஒரு பாரம் இறங்கியதில் கேட்கத் தோன்றவில்லை. மாதாமாதம் அவருக்கு அனுப்பினேன்.

ஒரு நாள் விடுப்பில் பேருந்துக்கு நின்றபோது, பெரியம்மாவிடம் பாத்திரம் கழுவுகிற பெண்ணைப் பார்த்தேன். நலம் விசாரித்துவிட்டு, "இன்னைக்கும் உங்கப்பா வந்திருக்காரு. பாவம்லா, அந்தக் காலோட" என்றாள்.

நான் பஸ்ஸில் ஏறவில்லை. பெரியம்மா வீட்டுப் பின்பக்கமாகப் போனேன். சமையல் கொட்டகைக்குள், சின்ன வெங்காய மூட்டைகளுக்கு நடுவில், தாழ்ந்த பிளாஸ்டிக் முக்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். ஊன்றுகோல் சுவரில் சாய்ந்திருந்தது. பாதம் இல்லாத காலை நீட்டி ஒரு பலகைமேல் வைத்திருந்தார். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மாதாமாதம் சிம்பாங் ரெங்கத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்து, காசைக் கையில் கொடுத்துவிட்டு, சாயங்காலம்வரை உரித்துவிட்டுப் போகிறார். என்னிடம் கேட்ட மூன்று மடங்கில் மிச்ச இரண்டு மடங்கு இப்படித்தான் கழிந்துகொண்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் கடுத்தது.

"யாரு சொன்னா உனக்கு?"

"எழுந்திரிங்கப்பா. போலாம்."

"எங்க போலாம்?"

"வீட்டுக்கு. இனிமே நீங்க இங்க வரக் கூடாது."

அவர் கத்தியைக் கீழே வைக்கவில்லை. "நீ மொகத்தைக் காட்டமாட்டேன்னுட்ட. யாராச்சும் ஒருத்தர் காட்டணும்ல?"

பெரியம்மா கரண்டியோடு வந்து நின்றாள். "நான் அவரை உரிக்கச் சொல்லல. சும்மா உக்காந்திருக்கச் சங்கடமா இருக்குன்னு அவரேதான் கேட்டு வாங்கினாரு. வேணும்னா கேட்டுப் பாரு."

அப்பா தலையை ஆட்டினார். அதுவும் உண்மை.

"போ. உனக்கு நாளைக்கு வேலை இருக்கு" என்றார். நான் அசையாமல் நின்றேன். "போன்னு சொன்னேன்ல! நீ நின்னா எனக்கு அசிங்கமா இருக்கு!" என்று எல்லார் முன்னாலும் கத்தினார். அப்பா என்னிடம் கத்தியதே இல்லை. நான் வந்த வழியே வெளியேறினேன்.

அதன் பிறகு சிங்கப்பூர் அறைக்கென்று சேர்த்துக்கொண்டிருந்ததையும் கடனில் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஷிப்டு, பெருநாள் ஷிப்டு, வேறு யாரும் வேண்டாம் என்கிற ஷிப்டு எல்லாவற்றையும் எடுத்தேன். ஒருமுறை இயந்திரத்தின் அருகிலேயே மயங்கி விழுந்தேன். மேற்பார்வையாளர் இரண்டு நாள் விடுப்பு கொடுத்தார். இரண்டாம் நாள் வேலைக்குப் போய்விட்டேன். எவ்வளவு சேர்த்தாலும் அப்பாவின் அடுத்த பஸ் பயணத்துக்குள் கடன் முடிவதில்லை.

கடன் முடிந்த நாளில் அப்பாவோடு நானும் போனேன். கடைசித் தொகையைப் பெரியம்மா எண்ணிப் பார்த்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சரி, ஆச்சு" என்றாள். பிறகு அப்பாவைப் பார்த்து, "அடுத்த மாசம் வரமாட்டீங்கன்னா இப்பவே சொல்லிடுங்க தம்பி. வெங்காயத்துக்கு ஆளு பாக்கணும்" என்றாள்.

அப்பா சிரித்தார். நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டாரா, வேறு எதுவும் செய்யத் தெரியவில்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மேலும் ஐந்தாறு மாதம் சேர்த்து, சிங்கப்பூரின் வடக்கே ஓர் அடுக்குமாடி வீட்டில் அறை எடுத்தேன். ஜன்னலைத் திறந்தால் எதிர் மாடியின் துணிக்கழிகள் தெரியும். கதவைத் தாழிட்டுக்கொண்டு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் எதுவும் நறுக்காமல் படுத்துக் கிடந்தேன். அப்பாவையும் அம்மாவையும் ஜொகூர் பாருவில் ஒரு வாடகை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தோம். அதற்குள் அப்பாவின் மற்றக் காலிலும் புண் வந்தது. இந்த முறை வெட்டும் அளவுக்குக்கூட உடம்பு இடம் கொடுக்கவில்லை. இறந்துவிட்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பெரியம்மா யாரும் சொல்லாமலே அண்டாக்களோடு வந்திறங்கினாள். முந்தின நாளே வந்து, எங்கள் குடியிருப்புத் தாமானில் கொட்டகை போட்டு, தானே நின்று சமைத்தாள். வந்தவர்கள் எல்லாரும் சாப்பாட்டைப் புகழ்ந்தார்கள். பந்தி முடிந்ததும் நான் அவளிடம் போனேன்.

"எவ்வளவு பெரியம்மா?"

"என்ன எவ்வளவு?"

"சாப்பாட்டுக்கு."

"உங்கப்பன் காரியத்துக்கு நான் காசு வாங்குவேனாடி?"

சுற்றி உறவுகள் நின்றன. எனக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. இதற்குக் காசு வாங்காமல் அவள் வேன் ஏறிவிட்டால் நான் மறுபடி அந்தப் பின்னறைக்குப் போனதுபோல. கைப்பையிலிருந்து நோட்டுகளை எடுத்து அவள் கையில் திணித்தேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள். மறுபடி பிடித்துத் திணித்தேன். "வாங்கிக்குங்க. யாருக்கும் கடனில்லாமப் போகட்டும் எங்கப்பா" என்றேன்.

பெரியம்மா நோட்டுகளை வாங்கிக்கொண்டாள். பிறகு அந்த இடத்திலேயே எண்ணினாள். வந்தவர்களை மனதுக்குள் கூட்டி, தலைக்கு இவ்வளவு என்று முணுமுணுத்துக் கணக்குப் போட்டு, அதிகமாக இருந்ததைப் பிரித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. அதைப் பார்த்து எனக்கு மனதில் ஒரு குளிர்ச்சி வந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது.

அம்மா வந்து என் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"சாவு வீட்டுல என் அக்காவைச் சமையக்காரியா ஆக்கிட்டியே, நீ நல்லாருப்பியா?"

அன்று மாலை அண்டாக்களை வேனில் ஏற்றிவிட்டு, அம்மாவும் முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். சில நாள் இருந்துவிட்டு வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. சிம்பாங் ரெங்கம் வீட்டை வாடகைக்கு விட்டாகிவிட்டது. நான் இருந்த அதே பின்னறையில்தான் இப்போது அம்மா இருக்கிறாள்.

போன மாதம் பார்க்கப் போனேன். ஜொகூர் பாருவில் வீடு பார்த்துவிட்டேன், இரண்டு அறை, லிப்ட் இருக்கிறது, வாரம் தவறாமல் வருவேன் என்று சொன்னேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். உள்ளேயிருந்து பெரியம்மா, ரசத்தில் உப்பு ஏறிவிட்டது என்று அவளைத் திட்டிக்கொண்டிருந்தாள். கேட்கக் கூசுகிற சொற்கள்.

"எப்படிம்மா இதைக் கேட்டுக்கிட்டு இங்க இருக்கீங்க?"

"திட்டுறாதான்" என்றாள் அம்மா. "ஆனா கூடவே இருந்து திட்டுறா. நீ வாரத்துக்கு ஒருக்கா வந்து நல்லாப் பேசிட்டுப் போவ."

கீரைத் தண்டுகளை முறத்திலிருந்து தட்டினாள். உள்ளே மறுபடி சத்தம் கேட்டதும், "இதோ வந்துட்டேன்க்கா" என்று எழுந்து போய்விட்டாள். ஜொகூர் பாரு வீட்டுக்கு முன்பணம் கட்டச் சொன்ன கடைசி நாள் அன்றுதான். நான் கட்டவில்லை.